வானத்திலிருந்து வயல் கணக்கு

கேள்வி: புவித் தகவல் அமைப்பு (ஜிஐஎஸ்) என்று ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு ஐரோப்பிய அரசுகள் அப்படி என்னதான் செய்கின்றன?

பதில்: பணம் பட்டுவாடா செய்கின்றன! ஐரோப்பிய ஒன்றிய பட்ஜெட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு விவசாயத்துக்கு. அதில் பெரும்பகுதி, எத்தனை ஹெக்டேர் என்ற கணக்கில் போகிறது. அதனால் வயல்களின் எல்லையை வான்படத்தின் மேல் கோடு போட்டுக் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். விவசாயி விண்ணப்பிப்பதே அந்தப் படத்தில்தான். 2023 முதல் சென்டினல் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு, புல் அறுத்தாரா, உழுதாரா என்று சீசன் முழுக்கக் கவனிக்கிறார்கள். (பொய்க்கணக்கு எழுதியவர்களுக்கு வயிற்றில் புளி கரைக்கும்.) படத்தின் ஒரு புள்ளி, தரையில் 10 மீட்டர். அதனால் குறுகலான துண்டு நிலம் சரியாகப் பிடிபடாது. அப்போது விவசாயியே வயலில் நின்று, இடக்குறிப்போடு மொபைலில் படமெடுத்து அனுப்ப வேண்டியிருக்கும்.