புகையும் குயவனும்: அநுமானத்தின் இரண்டு படிகள்

வ்யாக்யானங்களை ஸேவிக்கும்போது ஹேது, த்ருஷ்டாந்தம், வ்யாப்தி என்னும் சொற்கள் அடிக்கடி எதிர்ப்படும். தர்க்கம் பயின்றவர்களுக்கு உரியவை என்றெண்ணி நாம் அவற்றைக் கடந்து சென்றுவிடுகிறோம். ஆனால் ஸ்ரீபாஷ்யத்தில் சாஸ்த்ரயோநித்வாதிகரணத்தை (1.1.3) அறிய வேண்டுமானால் இச்சொற்கள் இன்றி முடியாது.

ப்ரத்யக்ஷம், அநுமானம், சப்தம் என்று நம் ஸித்தாந்தத்தில் ப்ரமாணங்கள் மூன்று. நடுவில் உள்ள அநுமானத்திற்கு எல்லோரும் காட்டும் உதாரணம் மலையில் எழும் புகை. "இம்மலையில் நெருப்பு உண்டு, புகை காண்கையாலே, எங்கெங்குப் புகை உண்டோ அங்கங்கு நெருப்பு உண்டு, அடுக்களையிற்போலே, இங்கும் அத்தகைய புகை உண்டு, ஆகையால் நெருப்பு உண்டு" என்று நையாயிகர் ஐந்து அவயவங்களாகச் சொல்லுவர். ஐந்தா, மூன்றா, இரண்டா என்பதில் நம்மவர்க்கு நிர்ப்பந்தம் இல்லை. கேட்பவனின் புத்திக்குத் தக்கபடி சுருக்கலாம், விரிக்கலாம்.

இந்த ஐந்துக்குள் இரண்டு வேறு வேறு செயல்கள் அடங்கியிருக்கின்றன. பொது விதியைக் கைக்கொண்டு இந்த மலைக்கு இறங்கி வருவது ஒன்று. இதை விதிவிளக்குமுறை என்பர். விதி மெய்யாகவும் புகை மெய்யாகவும் இருந்தால் முடிவு பொய்க்க வழியே இல்லை. அந்த விதி எங்கிருந்து வந்தது என்றால், அடுக்களையிலும் யாகசாலையிலும் பலகாலும் கண்டு, மடுவைப் போல நெருப்பில்லாத இடத்தில் புகை இல்லாமையையும் கண்டு, அதன்மேல் எழுந்தது. தனித்தனிக் காட்சிகளிலிருந்து விதிக்கு ஏறும் இச்செயல் விதிவருமுறை. இங்கே ஏறுகிறவன் கண்டவற்றைக் கொண்டு காணாதவற்றையும் சேர்த்துப் பேசுகிறான். ஆகையால் மாறான ஒரு காட்சி கிடைத்தாலும் விதி முறிந்துவிடும்.

"நெருப்புள்ள இடமெல்லாம் புகை உண்டு" என்று திருப்பிச் சொல்லிப் பாருங்கள். அடுக்களையை மட்டும் கண்டவனுக்கு இதுவும் சரியாகவே படும். பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டையைக் கண்டவன் மறுப்பான். அங்கே நெருப்பு உண்டு, புகை இல்லை. புகைக்கு ஈரவிறகின் சேர்க்கையும் வேண்டும். இப்படி மறைந்து நிற்கும் நிபந்தனைக்கு உபாதி என்று பெயர். வ்யாப்தியைச் சோதிப்பது என்றால் பெரும்பாலும் உபாதியைத் தேடுவதுதான்.

இனி அதிகரணத்திற்கு வருவோம். ஈச்வரனை அநுமானத்தாலேயே ஸாதிக்கலாம் என்பது நையாயிகர் பக்ஷம். "உலகம் அவயவங்களோடு கூடியிருக்கையால் உண்டாக்கப்பட்டது, உண்டாக்கப்பட்டது எதுவும் அறிவுள்ள கர்த்தாவை உடையது, குடம்போலே, ஆகையால் உலகிற்கும் ஒரு கர்த்தா உண்டு." இறங்கிவரும் படியில் குற்றம் காண்பது கடினம். பகவானுக்கு அநுகூலமான முடிவுதானே, ஏற்றுக்கொண்டால் என்ன என்றும் தோன்றும். உடையவர் ஏற்கவில்லை. அவர் திருவுள்ளம் பற்றியது ஏறும் படியை. அவர் வாதத்தை எளிய நடையில் சொன்னால் இப்படி ஆகும்.

குடத்தில் நாம் கண்டது என்ன? செய்தவன் குயவன். அவனுக்குச் சரீரம் உண்டு, கர்மம் உண்டு. அறிவும் சக்தியும் அளவுபட்டவை. சக்கரமும் தண்டமும் இன்றி அவனால் இயலாது. பெரிய மாளிகையாகில் பலர் கூடிப் பலகாலம் கட்டுகிறார்கள். இந்தக் காட்சிகளிலிருந்து ஏறும் விதி, சரீரமுள்ள, கர்மவச்யரான, பலரான கர்த்தாக்களையே தரும். மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவனாலேயே செய்யப்பட்டன என்பதற்குக் குடம் சாக்ஷி ஆகாது. "கர்த்தா என்னும் அம்சத்தை மட்டும் கொள்வோம், சரீரத்தையும் கர்மத்தையும் விடுவோம்" என்பார்க்கு, கண்டதில் பாதியைக் கொண்டு பாதியை விட எந்தக் காட்சி இடம் தந்தது என்பதே கேள்வி. கண்டபடியே கொண்டாலோ, கைக்கு வருபவன் பெரியதொரு குயவனேயன்றி, ஸர்வஜ்ஞனாய் ஸர்வசக்தனாய் அகிலஹேயப்ரத்யநீகனான எம்பெருமான் அல்லன்.

இதனால் அநுமானம் தள்ளப்பட்டது என்று கொள்ளலாகாது. ப்ரத்யக்ஷம் எட்டும் இடத்தில் அது ப்ரமாணமே. சாஸ்த்ரம் காட்டிய பொருளைத் தெளியவும், பிறர் சொல்லும் ஆக்ஷேபங்களைப் பரிஹரிக்கவும் தர்க்கம் வேண்டும். ஸ்வாமி தேசிகன் ந்யாயபரிசுத்தி என்றே ஒரு க்ரந்தம் அருளிச்செய்தார். ஏறுவதற்குக் காட்சியே இல்லாத பொருளில் மட்டும் சாஸ்த்ரம் ஒன்றே ப்ரமாணம்.

திருவாய்மொழி முதற்பதிகத்தின் ஏழாம் பாட்டில் ஆழ்வார் ஐம்பூதங்களை எண்ணி, சரீரத்தில் ஆத்மா போல அவன் எங்கும் மறைந்து பரந்திருக்கும்படியைச் சொல்லி, அவனைக் காணும் இடமாகச் சுருதியைக் காட்டுகிறார். பூதங்கள் அனைத்தும் கண்ணெதிரே இருக்க, அவற்றைக் கொண்டு அவனை அநுமானிக்க அவர் முயலவில்லை.