பலிபீடமும் சமையலறையும்

கத்தோலிக்கத் திருப்பலியில் இறைவனுக்குக் காணிக்கையாக வைக்கப்படுவது கோதுமை மணியும் திராட்சைக் கனியும் அல்ல. அப்பமும் திராட்சை ரசமும். உழுதவர், அறுத்தவர், மாவரைத்தவர், சுட்டவர் எனப் பலரது உழைப்பு அவற்றில் கலந்துள்ளது. அவ்வாறு மனிதனின் வேலைநாட்கள் பலிபீடத்தை வந்தடைகின்றன. பலிபீடத்தின் தூய்மை அவனது வேலைநாட்களை எட்டுகிறதா? இதுவே சாதகன் தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்ட், தம் துறவியருக்கு வகுத்த விதிமுறைகளில் இதற்கு வழிகாட்டியுள்ளார். மடத்தின் பண்டகசாலைப் பொறுப்பாளர் அங்குள்ள பாத்திரங்களையும் பொருட்களையும் பலிபீடத்தின் புனிதக் கலங்களைப்போல் கருத வேண்டும் என்பது ஒரு விதி. சமையற்பணியைத் துறவியர் வாரந்தோறும் முறைமாற்றிச் செய்வர். ஞாயிறு காலை வழிபாடு முடிந்ததும், பணியை முடித்தவர்களும் ஏற்பவர்களும் ஆலயத்திலேயே அனைவர்முன் பணிந்து, தங்களுக்காகப் பிரார்த்திக்குமாறு வேண்ட வேண்டும் என்பது மற்றொன்று. சமையலறைக்குச் செல்லும் பாதை ஆலயத்திலிருந்தே தொடங்குகிறது!

இந்நெறியை வாழ்ந்து காட்டியவர் சகோதரர் லாரன்ஸ். போர்வீரராக இருந்து காயமுற்ற அவர், 1640-இல் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். கிடைத்த பணியோ சமையல். இயல்பாகவே அவருக்கு அதில் வெறுப்பு. ஆயினும் ஏறத்தாழ 15 ஆண்டுகள் அதைச் செய்தார். பின்னர் செருப்புத் தைக்கும் பணியை ஏற்றார். சிறு செயலையும் இறைவன்பால் கொண்ட அன்பினால் செய்வதே அவரது சாதனை. மனம் விலகினால் தம் குறையை இறைவனிடம் ஒப்புக்கொண்டு, கலங்காமல் மீண்டும் அவரை நினைப்பார்.

இந்த நிலை எளிதில் வாய்த்ததன்று. தமக்கு மீட்பே இல்லை என்ற எண்ணம் நான்கு ஆண்டுகள் அவரை வாட்டியது. அப்போதும் அவர் பயிற்சியைக் கைவிடவில்லை. இறுதியில் பாத்திரங்களின் ஓசைக்கு நடுவிலும், பிரார்த்தனையில் முழந்தாளிட்டிருக்கும்போது உள்ள அதே அமைதி அவருக்குக் கைகூடியது.

பகவத்கீதையின் 9-ஆம் அத்தியாயமும் செயல் அனைத்தையும் இறைவனுக்கு அர்ப்பணிக்கவே பணிக்கிறது. நாமோ, 'இந்த வேலை எப்போது முடியும், எப்போது ஜபத்தில் அமர்வோம்?' என்று ஏங்குகிறோம். மாற வேண்டியது வேலையன்று. அது யாருக்காகச் செய்யப்படுகிறது என்னும் எண்ணமே. அதேவேளையில், 'வேலையே வழிபாடு' என்று கூறிப் பிரார்த்தனை நேரத்தைத் துறப்பதும் தவறு. ஊற்று வற்றினால் வாய்க்காலில் நீர் ஏது?

அன்றாட வேலைகளுள் நமக்குச் சிறிதும் பிடிக்காத ஒன்றைத் தேர்ந்தெடுப்போம். தொடங்குமுன் அதை இறைவனுக்கு அர்ப்பணிப்போம். இடையில் ஒருமுறையேனும் அவரை நினைப்போம். முடிந்ததும் பலனை அவர் திருவடிகளில் வைப்போம். வெறுத்த அந்த வேலையே நமது முதல் பலிபீடமாகட்டும்.