போர் இழப்பு மனுவில் பூர்வீகம் தேடுவது எப்படி?

"தாத்தாவுக்குக் காஞ்சிபுரம் பக்கம், பெருமாள் கோயில் இருக்கிற ஊர். பர்மாவில் கடை வைத்திருந்தார். சண்டையில் எல்லாம் போய்விட்டது." குடும்ப வரலாறு தேடித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் பெரும்பாலும் இவ்வளவுதான் இருக்கும். இதை வைத்துக்கொண்டே மூன்று நான்கு தலைமுறையை நிலைநிறுத்த முடியும். திருப்புட்குழியிலோ பாலுசெட்டிசத்திரத்திலோ இருந்துகொண்டு, வரலாறோ தமிழோ படித்துவிட்டு, அடுத்து என்ன என்று யோசிக்கிறவர்கள் இந்தத் தொழிலைக் கவனிக்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்கள் தேடுகிறார்கள். பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகள் தேடுகிறார்கள். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓசிஐ அட்டைக்காக மூதாதையர் இந்தியாவில் பிறந்ததற்குச் சான்று தேடுகிறவர்களும் உண்டு. தமிழ்ப் பத்திரமும் பழைய ஆங்கில அரசுக் கோப்பும் படிக்கத் தெரிந்த உள்ளூர் ஆள்தான் இவர்களுக்கு வேண்டும்.

குடும்பம் சொல்லும் அந்தச் சண்டை இரண்டாம் உலகப் போர். முதலில் அதன் தேதிகளை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் ரங்கூன் மீது குண்டு போட்டன. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போனது. சிங்கப்பூர் அதற்கு முன்பே, பிப்ரவரி 15 அன்று விழுந்துவிட்டது. 1931 கணக்கெடுப்பின்படி பர்மாவில் 10 லட்சத்துக்கு மேல் இந்தியர்கள் இருந்தார்கள். ரங்கூன் நகரத்தில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள்தான். பர்மா இந்தியர்களில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் 1942இல் இந்தியாவுக்கு ஓடிவந்தார்கள். கப்பல் கிடைத்தவர்கள் கடல் வழியாக வந்தார்கள். மற்றவர்கள் தௌங்கூப் கணவாயைக் கடந்து அராக்கானுக்கும், தாமு வழியாக இம்பாலுக்கும், ஹூக்காங் பள்ளத்தாக்கு வழியாக லீடோவுக்கும் நடந்தார்கள். பசியிலும் காலராவிலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம்.

"எந்த வருஷம் வந்தார்?" என்று கேட்டால் குடும்பத்துக்குத் தெரியாது. "எப்படி வந்தார்?" என்று கேளுங்கள். கப்பலா, நடையா, மணிப்பூர் வழியா என்பதைப் பாட்டிகள் மறப்பதில்லை. வழி தெரிந்தால் மாதம் ஓரளவு தெரிந்துவிடும். மாதம் தெரிந்தால் எந்தக் கோப்புகளைக் கேட்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

வந்து சேர்ந்தவர்கள் விட்டுவந்ததைப் பற்றி அரசுக்கு எழுதினார்கள். வீடு, கடை, சரக்கு, மாடு, நகை, கொடுத்து வைத்த கடன், வங்கியில் போட்ட பணம் என்று எதையும் விடவில்லை. இந்த மனுக்களும் அவற்றைச் சுற்றிய கடிதங்களும் ஒரே இடத்தில் இல்லை என்பதுதான் தொழிலின் முதல் பாடம். கடல்கடந்த இந்தியர்களுக்காக 1941இல் இந்திய அரசு தனித் துறை ஒன்றை அமைத்தது. 1944இல் அது காமன்வெல்த் உறவுகள் துறை என்று பெயர் மாறியது. அந்தக் கோப்புகளை டெல்லியில் உள்ள இந்திய தேசிய ஆவணக் காப்பகத்தில் தேட வேண்டும். அதன் இணையதளமான அபிலேக் படலில் பெயரைப் பதிவு செய்துகொண்டால் வீட்டிலிருந்தே துழாவலாம். பர்மா அரசாங்கம் 1942 முதல் 1945 வரை சிம்லாவிலிருந்து இயங்கியது. பர்மா அலுவலகத்தின் ஆவணங்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. சென்னை மாகாண அரசின் ஆணைகளுக்கு எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போக வேண்டும். மலாயா, சிங்கப்பூர் குடும்பம் என்றால் போருக்குப் பிறகு அங்கே அமைந்த போர்ச்சேத ஆணையத்தின் தாள்களை அந்தந்த நாட்டு ஆவணக் காப்பகத்தில் கேட்க வேண்டும். 1937 ஏப்ரல் 1 வரை பர்மா இந்தியாவின் ஒரு மாகாணமாகவே இருந்தது. அதற்கு முந்தைய கோப்புகள் இந்தியக் கோப்புகளோடு கலந்துதான் கிடக்கும்.

இழப்பு மனு மற்ற அரசுத் தாள்களைப் போன்றதல்ல. வரி ரசீது வீட்டின் வெளிப்புறத்தைச் சொல்லும், மனு கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போகும். தையல் மிஷின் ஒன்று, தேக்கு பீரோ ஒன்று, பித்தளை அண்டா இரண்டு, கைலிக் கட்டு இத்தனை என்று எழுதியிருப்பதைப் படிக்கும்போது, எந்த வரலாற்றுப் புத்தகத்திலும் பெயர் வராத ஒரு மனிதர் தன் வாழ்க்கையைத் தானே எண்ணிப் பார்ப்பது தெரியும். பணம் கேட்க நேர்ந்ததால்தான் அவர் இத்தனையும் எழுதினார். வேறு எதற்காகவும் யாரும் அவரை இவ்வளவு விவரமாகக் கேட்டிருக்க மாட்டார்கள். இந்தத் தாள்களை மதிக்கச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் பணம் கேட்டு எழுதிய தாள் என்பதையும் மறக்கக் கூடாது. மதிப்பு கூடியிருக்கலாம். அதனால் தொகையை நம்புவதைவிடப் பொருளையும் முகவரியையும் நம்புங்கள். தெருப் பெயர், கதவு எண், பக்கத்துக் கடைக்காரர், சாட்சிகள் ஆகியவற்றை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். சாட்சி பெரும்பாலும் சொந்த ஊர்க்காரராகவோ பங்காளியாகவோ இருப்பார். சாட்சியின் ஊர் எழுதியிருந்தால், மனுதாரரின் ஊர் விட்டுப்போயிருந்தாலும் பிடித்துவிடலாம். மனுதாரர் இறந்து வாரிசுகள் தொடர்ந்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், வம்சாவளியே கையில் வந்துவிடும். கைலிச் சரக்கு நிறைய இருந்தால், அதை அனுப்பிய ஊர் எது என்று பாருங்கள். சென்னை மாகாணத்துக் கைத்தறி லுங்கிகளுக்கும் கைலிகளுக்கும் பர்மாவும் மலாயாவும் பெரிய சந்தைகள். நெசவாளர் குடும்பத்தின் தடம் சரக்கு வழியாகத் தறிக்கே திரும்பி வரக்கூடும். குடும்பம் "சொந்தக் கடை" என்று சொன்னது மனுவில் பங்குக் கடையாகவோ, கணக்குப்பிள்ளை வேலையாகவோ தெரியவரலாம். அதை மறைக்காதீர்கள், பதமாகச் சொல்லுங்கள்.

இனி உள்ளூர் வேலை. உண்மையில் பாதித் தொழில் இங்கேதான். திருப்புட்குழியைத் தேடும்போது திருப்புக்குழி என்றும் தேட வேண்டும். ஆங்கிலக் கோப்பில் ழகரம் லகரமாகியிருக்கும். காஞ்சிபுரம் 'கான்ஜீவரம்' ஆகவும், செங்கல்பட்டு 'சிங்கிள்புட்' ஆகவும் இருக்கும். காஞ்சிபுரம் தனி மாவட்டமானது 1997இல்தான். அதற்கு முந்தைய எல்லாமே செங்கல்பட்டு மாவட்டத்தின் பெயரில் இருக்கும். இது தெரியாமல் தேடிவிட்டு "ஒன்றும் கிடைக்கவில்லை" என்று அறிக்கை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் பெயர் வாரியான அட்டவணையும் சொத்து வாரியான அட்டவணையும் தனித்தனியாக உண்டு. பழைய ஆண்டுகளுக்குப் பெயர் அட்டவணையில் தொடங்குங்கள். பர்மாப் பணத்தில் ஊரில் நிலம் வாங்கியிருந்தால் கிரயப் பத்திரத்தில் "தற்சமயம் ரங்கூனில் வியாபாரம் செய்துவரும்" என்பது போன்ற வாசகம் வரக்கூடும். ஊரில் இருந்த தம்பிக்கோ மாமனுக்கோ எழுதிய அதிகாரப் பத்திரம் அதைவிட மதிப்புள்ளது. அது நான்காம் புத்தகத்தில் பதிவாகியிருக்கும். உயில் மூன்றாம் புத்தகத்தில். இந்த எண்களைச் சொல்லிக் கேட்டால் அலுவலகத்தில் உங்களை விஷயம் தெரிந்தவராக நடத்துவார்கள். கிராமக் கணக்கில் 'அ' பதிவேடு, அடங்கல், யூடிஆருக்கு (நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்) முந்தைய செட்டில்மென்ட் பதிவேடு மூன்றையும் ஒப்பிட்டு, பழைய சர்வே எண்ணைப் புதிய எண்ணோடு பொருத்துங்கள். 1980இல் கர்ணம் (கிராமக் கணக்குப்பிள்ளை), முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது எல்லாக் காகிதமும் ஒழுங்காகக் கைமாறிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். பழைய கர்ணம் வீட்டுப் பெரியவர்களிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள்.

திருப்புட்குழி விஜயராகவப் பெருமாள் கோயிலில் உபயம், கட்டளை யார் பெயரில் இருக்கிறது என்று பட்டாச்சாரியாரிடமும் கோயில் அலுவலகத்திலும் விசாரியுங்கள். வெளியூர் போனவர்கள் நிலத்தை விற்றாலும் பெருமாளுக்குச் செய்வதைச் சுலபத்தில் விடுவதில்லை. பிள்ளை வரம் கேட்டு அங்குள்ள மரகதவல்லித் தாயாரிடம் வந்த குடும்பங்களும் அந்தத் தொடர்பைத் தலைமுறையாக வைத்திருப்பதுண்டு.

போரும் சொத்துக் கோரிக்கையும் இந்த மண்ணுக்கு 1942இல் புதிதாக வந்தவை அல்ல. 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதர் அலி, திப்புவின் படை ஆங்கிலேயரை முறியடித்தது. அந்தப் போரால், அப்போது ஜாகீர் எனப்பட்ட இந்தச் செங்கல்பட்டு வட்டார ஊர்கள் பல பாழாயின. பின்னால் 1790களில் லயனல் பிளேஸ் ஜாகீரின் கலெக்டராக இருந்தபோது, மிராசு என்ற பரம்பரை நில உரிமை யாருக்கு என்ற வழக்கு பெரிதாக எழுந்தது. வாடிக்கையாளர் உள்ளூர் மிராசுக் குடும்பம் என்றால், எழும்பூரில் அந்தக் காலத்து மாவட்டக் கடிதத் தொகுதிகளையும் கேளுங்கள். தேடல் 1942இலிருந்து ஏறத்தாழ 150 ஆண்டு பின்னுக்குப் போகும்.

வாடிக்கையாளரிடம் முதல் நாளே சொல்லிவிட வேண்டியது ஒன்று உண்டு. நீங்கள் தேடித் தருவது வரலாறு, சொத்து அல்ல. ரங்கூன் வீடு திரும்பக் கிடைக்கும் என்ற ஆசையோடுதான் சிலர் வருவார்கள். பர்மா ஆயில் கம்பெனியின் கதையைச் சொல்லுங்கள். ஜப்பானியர் கையில் சிக்கக் கூடாது என்று 1942இல் ஆங்கிலேயரே அதன் எண்ணெய் நிலையங்களை அழித்தார்கள். கம்பெனி இழப்பீடு கேட்டுத் தொடுத்த வழக்கில் 1964இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபையில் வென்றது. அடுத்த ஆண்டே போர்ச்சேதச் சட்டம் கொண்டுவந்து அந்தத் தீர்ப்பைப் பயனற்றதாக்கினார்கள். அவ்வளவு பெரிய கம்பெனிக்கே அந்த நிலை. 1962க்குப் பிறகு பர்மாவில் கடைகளும் வங்கிகளும் அரசுடைமையாகி, லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர்கள் இரண்டாம் முறையாக வெறுங்கையோடு திரும்பினார்கள். எனவே "கிடைத்தால் இத்தனை சதவீதம்" என்று எந்த ஒப்பந்தமும் போடாதீர்கள். வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள்: விசாரணை, உள்ளூர்ப் பதிவேடு, எழும்பூர், டெல்லி. ஒவ்வொன்றுக்கும் தனிக் கூலி, தனி அறிக்கை. ஒன்றும் கிடைக்காத கட்டத்துக்கும் கூலி உண்டு என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எங்கெல்லாம் தேடி இல்லை என்றாயிற்று என்பதும் அறிக்கையில் வர வேண்டும்.

அறிக்கையில் ஆவணம் சொல்வது, குடும்பம் சொல்வது, நீங்கள் ஊகிப்பது மூன்றையும் கலக்காதீர்கள். துறை, ஆண்டு, கோப்பு எண், பக்கம் நான்கும் இல்லாத குறிப்பை எழுதவே கூடாது. கோப்பில் பர்மியப் பெண்ணும் அவர் பிள்ளைகளும் வரக்கூடும். தாத்தாவுக்கு அங்கே இன்னொரு குடும்பம் இருந்தது இங்கே யாருக்கும் தெரியாமல் இருந்திருக்கலாம். அதை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். உங்களை வேலைக்கு வைத்தவரிடம் தனியாக, நேரில் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகளின் பெயர்களை அறிக்கையிலிருந்து நீக்கச் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர்களும் அதே குடும்பம்தான்.