வாய்க்கால் தெரியும், வடிகால் தெரியுமா? நம் உடம்பின் நிணநீர் மண்டலம்



இந்த மாத உடல்நலப் பாடத்தில் நிணநீர் பற்றிப் பேசப் போகிறோம். பெயர் புதுசாக இருக்கலாம். ஆனால் காலில் முள் குத்திப் புண்ணாகி, இரண்டு நாளில் தொடை இடுக்கில் உருண்டையாக ஒன்று வீங்கி வலிக்கும்போது, "நெறி கட்டிருச்சு" என்று சொல்கிறோமே, அந்த நெறிதான் நிணநீர் மண்டலத்தின் ஒரு பாகம். விஷயம் நம் பாட்டி காலத்திலிருந்தே நமக்குத் தெரியும். அது ஏன் கட்டுகிறது, உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது என்பதைத்தான் யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

வயலுக்கு ஒரு வடிகால்

திருப்பரங்குன்றம் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண்களுக்கு வாய்க்காலையும் வடிகாலையும் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கண்மாய் மடையிலிருந்து வாய்க்கால் வழியாகத் தண்ணீர் வயலுக்கு வருகிறது. பயிர் குடித்தது போக மிச்சம் வடிகாலில் இறங்க வேண்டும். வடிகால் அடைத்துக்கொண்டால் வயல் ஊறிப் போய் வேர் அழுகும்.

உடம்பும் அப்படித்தான். இதயத்திலிருந்து ரத்தக் குழாய் வழியாக ரத்தம் எல்லா இடத்துக்கும் போகிறது. மயிரை விட மெல்லிய கடைசிக் குழாய்களில் இருந்து சத்துள்ள நீர் கசிந்து சதைக்குள் போகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 20 லிட்டர் இப்படிக் கசிகிறது, அதாவது ஒரு குடத்துக்கும் மேலே. அதில் ஏறக்குறைய 17 லிட்டர் ரத்தக் குழாய்க்கே திரும்பிவிடும். மீதி 3 லிட்டர் அங்கேயே நின்றுவிட்டால் உடம்பு வீங்கிவிடும், ரத்தத்தின் அளவும் குறைந்துவிடும். நம் உடம்பில் இருக்கும் மொத்த ரத்தமே 5 லிட்டர் அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். அந்த 3 லிட்டரை வடித்தெடுத்துத் திரும்ப ரத்தத்தில் சேர்ப்பதற்குத் தனியாக ஒரு குழாய்ப் பின்னல் உடம்பு முழுக்க இருக்கிறது. அதுதான் நிணநீர் மண்டலம். அதில் ஓடும் நீர் நிணநீர்.

கால்கள், வயிறு, உடம்பின் இடது பாதி ஆகிய இடங்களில் இருந்து வரும் நிணநீர் எல்லாம் ஒரு பெரிய குழாயில் சேர்ந்து, முதுகெலும்பை ஒட்டி மேலே ஏறி, இடது கழுத்தடியில் ரத்தத்தில் கலக்கிறது. வலது கை, தலையின் வலது பக்கம், நெஞ்சின் வலது பக்கம் ஆகியவற்றுக்கு மட்டும் வலது பக்கத்தில் தனியாக ஒரு சின்ன வழி உண்டு.

சரி, காலில் இருக்கும் நீர் கழுத்து வரை எப்படி ஏறும்? இதயம் மாதிரி ஒரு மோட்டார் இதற்குக் கிடையாது. குழாயே மெல்லச் சுருங்கி விரிந்து தள்ளுகிறது. நாம் நடக்கும்போது கெண்டைக்கால் சதை அழுத்துவதும், மூச்சு விடுவதும் சேர்ந்து தள்ளுகின்றன. போர் குழாயில் ஃபுட்வால்வு இருப்பது போல, ஏறிய நீர் கீழே இறங்காமல் தடுக்கக் குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து பூக்கட்டும் சகோதரிகளுக்கும், தையல் மெஷினில் இருப்பவர்களுக்கும் சாயந்தரம் பாதம் கனத்துப் போவதற்கு இதுவும் ஒரு காரணம். நடுவில் எழுந்து பத்து எட்டு நடந்தாலே வித்தியாசம் தெரியும்.

இன்னொரு வேலையும் இதற்கு உண்டு. நாம் சாப்பிடும் எண்ணெய், நெய் இவற்றின் கொழுப்புச் சத்து நேராக ரத்தத்துக்குப் போவதில்லை. குடலில் இருந்து நிணநீர்க் குழாய் வழியாகத்தான் போகிறது. அந்த நேரத்தில் அந்த நீர் பால் போல வெள்ளையாக இருக்கும். 1622-ல் இத்தாலி நாட்டு மருத்துவர் அசெல்லி, நன்றாகச் சாப்பிட்டிருந்த ஒரு நாயின் வயிற்றை அறுத்துப் பார்த்தபோது இந்த வெள்ளைக் குழாய்களைத்தான் கண்டார்.

நெறி என்பது செக்போஸ்ட்

நிணநீர் போகும் வழியில் அங்கங்கே அவரை விதை அளவில் முடிச்சுகள் இருக்கின்றன. உடம்பில் மொத்தம் 500, 600 இருக்கும். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, வயிறு ஆகிய இடங்களில் கூட்டமாக இருக்கும். சதையில் இருந்து வடிந்து வரும் நீரில் கிருமி இருந்தால் அதைப் பிடித்து நிறுத்தும் இடம் இதுதான். முடிச்சுக்குள் இருக்கும் வெள்ளை அணுக்கள் கிருமியை அடையாளம் கண்டு, அதோடு சண்டை போடப் பெருகுகின்றன. அப்போது முடிச்சு வீங்கும், வலிக்கும். அதுதான் நெறி. புண் ஆறினால் நெறியும் அமுங்கிவிடும். நெறியைப் போட்டு உருவித் தேய்ப்பதும் சூடு வைப்பதும் தேவையில்லாத வேலை. புண்ணுக்கு வைத்தியம் பார்த்தால் போதும்.

மண்ணீரல், தொண்டையில் இருக்கும் டான்சில், நெஞ்சுக்குள் இருக்கும் தைமஸ் சுரப்பி ஆகியவையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவைதான். தைமஸ் குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, வயது ஏற ஏறச் சுருங்கிவிடும்.

வடிகால் அடைத்தால்

நம் கூட்டமைப்பில் ஒரு அக்கா. தஞ்சாவூர் பக்கம் பிறந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவர். இடது கால் முழங்கால் வரை வீங்கியிருக்கும். கூட்டத்துக்கு வந்தால் சேலையை இழுத்துவிட்டுக் கடைசியில் உட்காருவார். மாதத்துக்கு ஒரு தடவை குளிர் காய்ச்சல் வந்து கால் சிவந்து எரியும், நான்கு நாள் கூலி போகும். "காலில் இருக்கிற கெட்ட நீரை இறக்கித் தர்றோம்" என்று டவுனில் ஒரு இடத்தில் சொன்னதை நம்பி, குழுவில் 8,000 ரூபாய் உள்கடன் வாங்கிக் கட்டினார். கால் அப்படியேதான் இருந்தது. கடன் தவணை மட்டும் பாக்கி நின்றது. தவணை ஏன் நிற்கிறது என்று கேட்டபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். யானைக்கால் என்று சொன்னார்கள்.

யானைக்கால் நோய் பாவத்தால் வருவது இல்லை, பரம்பரையாகவும் வராது, தொட்டாலும் ஒட்டாது. நூல் போன்ற ஒரு புழு நிணநீர்க் குழாய்க்குள் குடியிருப்பதால் வருகிறது. பெண் புழு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கும். பல வருடம் அங்கேயே உயிரோடு இருந்து கண்ணுக்குத் தெரியாத குஞ்சுகளை விட்டுக்கொண்டே இருக்கும். குஞ்சுகள் ராத்திரியில்தான் ரத்தத்தில் நடமாடும். அதனால்தான் இதற்கான ரத்தப் பரிசோதனையை ராத்திரி நேரத்தில் எடுப்பார்கள். இந்தக் குஞ்சுகளை 1872-ல் கல்கத்தாவில் ஒருவரின் ரத்தத்தில் மருத்துவர் லூயிஸ் பார்த்தார். கொசுதான் இதை உடம்பிலிருந்து வாங்கிக்கொள்கிறது என்பதை 1877-ல் சீனாவில் மருத்துவர் மேன்சன் கண்டுபிடித்தார்.

ஒரு கொசு கடித்துவிட்டால் யானைக்கால் வந்துவிடாது. மாதக்கணக்கில், வருடக்கணக்கில் திரும்பத் திரும்பக் கடிபட வேண்டும். பெரும்பாலும் சின்ன வயதில் புழு ஏறி, பல வருடம் கழித்துத்தான் வீக்கம் தெரியும். அதனால்தான் அந்த அக்கா பிறந்த ஊரில் வாங்கியது, புகுந்த ஊரில் வந்து காட்டியது. ஆண்களுக்கு விரைவீக்கமாகவும் வரும். வீட்டுக்காரர் வெளியே சொல்ல மாட்டார், நாம்தான் கேட்க வேண்டும். அதை ஆபரேஷன் செய்து சரி செய்யலாம்.

தமிழ்நாட்டில் கடலூர், தஞ்சாவூர், நாகப்பட்டினம் போன்ற மாவட்டங்களில் இந்த நோய் நிறைய இருந்தது. நம் மதுரைப் பக்கம் அந்த அளவுக்கு இல்லை. 1955-லேயே மத்திய அரசு கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. 1980-களில் காரைக்காலில் புழு மருந்து கலந்த உப்பைச் சமையலுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990-களின் கடைசியில் கடலூர் போன்ற சில மாவட்டங்களில் முன்னோட்டமாகவும், 2004 முதல் நோய் உள்ள மாவட்டங்களில் பரவலாகவும், வருடத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் மாத்திரை கொடுத்தார்கள். "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, நான் ஏன் முழுங்கணும்" என்று மாத்திரையை மாடத்தில் வைத்தவர்கள் அப்போது நிறைய. வீக்கம் இல்லாதவர் ரத்தத்திலும் குஞ்சு இருக்கலாம் என்பதுதான் அதற்குப் பதில். பக்கத்து நாடான இலங்கை இந்த நோயைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டது என்று 2016-ல் உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது. இந்தியா 2027-ஐ இலக்காக வைத்திருக்கிறது. கொசுவால் வரும் நோய்களை ஆராயும் மையம் நம் மதுரை சின்ன சொக்கிக்குளத்திலேயே 1985-ல் தொடங்கப்பட்டது என்பது பலருக்குத் தெரியாது.

டெங்கு கொசு நல்ல தண்ணீரில் முட்டையிட்டுப் பகலில் கடிக்கும். யானைக்கால் கொசு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பெருகி ராத்திரியில் கடிக்கும். செப்டிக் டேங்கின் காற்றுக் குழாய் வாயில் கொசுவலைத் துணியைக் கட்டினால் பாதி வேலை முடிந்தது. செலவு பத்து ரூபாய்கூட ஆகாது.

வீங்கிய காலுக்கு என்ன செய்வது?

பழுத்த வீக்கத்தைப் பழையபடி ஆக்கும் மாத்திரை கிடையாது. இதை மறைக்காமல் சொல்லிவிடுவது நல்லது, இல்லாவிட்டால் இன்னொரு 8,000 ரூபாய் போகும். ஆனால் அந்தக் காய்ச்சலையும் எரிச்சலையும் நிறுத்த முடியும். வடிகால் கெட்ட காலில் சின்னக் கீறல் வழியாகக் கிருமி புகுவதால்தான் காய்ச்சல் வருகிறது. ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வீக்கம் கொஞ்சம் கூடும்.

தினமும் ராத்திரி சாதாரணத் தண்ணீரிலும் சோப்பிலும் காலை மெதுவாகக் கழுவ வேண்டும். விரல் இடுக்கு, தோல் மடிப்பு எதையும் விடக்கூடாது. சுத்தமான பழைய பருத்தித் துணியால் ஒற்றி ஈரமில்லாமல் துடைக்க வேண்டும், தேய்க்கக் கூடாது. விரல் இடுக்கில் வெள்ளையாக ஊறியிருந்தால் ஆஸ்பத்திரியில் களிம்பு கேட்டுப் போட வேண்டும். உட்காரும்போதும் படுக்கும்போதும் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்து, பாதத்தை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். செருப்பில்லாமல் களத்துக்குப் போகக் கூடாது. காய்ச்சல் வந்து கால் சிவந்திருக்கும்போது மட்டும் ஆட்டுவது, உருவுவது, கட்டுப்போடுவது எதுவும் வேண்டாம். ஈரத்துணி போட்டு ஓய்வெடுத்து, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அந்த அக்கா ஒரு பேசினும் சோப்பும் வைத்து இதைச் செய்து வருகிறார். மாதம் ஒரு தடவை வந்த காய்ச்சல் போன வருடம் முழுக்க ஒரே தடவைதான் வந்தது. பாக்கித் தவணையும் முடிந்துவிட்டது. கூட்டத்தில் இப்போது முன்னால்தான் உட்காருகிறார்.

கால் வீங்கினாலே யானைக்கால் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். இரண்டு காலும் வீங்கினால் இதயம், சிறுநீரகம், ரத்தசோகை இவற்றைப் பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு முகமும் கையும் சேர்ந்து வீங்கினால் அன்றைக்கே நர்சம்மாவிடம் சொல்ல வேண்டும்.

ஆறாத நெறி

புண்ணே இல்லாமல் கழுத்தில் நெறி கட்டி, இரண்டு வாரத்துக்கு மேலும் அமுங்காமல் இருந்தால் காட்டிவிட வேண்டும். நம் பெரியவர்கள் கண்டமாலை என்று சொன்னது பெரும்பாலும் இந்த முடிச்சில் வரும் காசநோய்தான். ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதித்தால் தெரிந்துவிடும். நுரையீரலில் இல்லாமல் நெறியில் மட்டும் காசநோய் இருந்தால் அது அடுத்தவருக்குப் பரவாது. கல்யாணத்துக்கு இருக்கும் பெண் என்று மறைத்து வைக்கிற வீடுகள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிகிச்சை பெரும்பாலும் ஆறு மாதம், மருந்து முழுக்க இலவசம். சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த உதவி, 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய் ஆகியிருக்கிறது. நமக்குப் பக்கத்திலேயே தோப்பூரில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. விவரம் தெரியாவிட்டால் 104 எண்ணில் கேட்கலாம்.

அக்குளில் வலியில்லாத கெட்டியான கட்டி இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். மார்பில் இருந்து வடியும் நிணநீர் பெரும்பாலும் அக்குளுக்குத்தான் வருகிறது. அதனால் மார்பகப் புற்றுநோய் முதலில் பரவும் இடமும் அக்குள் முடிச்சுதான். மாதவிலக்கு முடிந்த சில நாள் கழித்து, குளிக்கும்போது, விரல்களைத் தட்டையாக வைத்து மார்பையும் அக்குளையும் தடவிப் பாருங்கள். மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஒரு தேதி வைத்துக்கொள்ளலாம். 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள், பார்ப்பது நர்சம்மாதான். ஆபரேஷனில் அக்குள் முடிச்சுகளை எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கக் கை வீங்கலாம். அந்தக் கையில் அரிவாள் வெட்டு, அடுப்புச் சூடு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். வீக்கம் தொடங்கிய உடனே காட்டினால் பயிற்சியாலும் கட்டுத்துணியாலும் குறைக்க முடியும்.