ஜாவாவில் += வழு: தொடக்கநிலையாளருக்கு முழுமையான வழிகாட்டி

ஜாவா 9, 10 பதிப்புகளின் கம்பைலரில் ஒரு வழு இருந்தது. எச்சரிக்கை எதுவும் வராது, புரோகிராமும் பெரும்பாலும் பாதியில் நிற்காது. விடை மட்டும் தப்பாக வரும். அந்தக் காலத்து புரோஜெக்டைப் பராமரிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், மேலே படியுங்கள்.

படி 1: விதி என்ன?

அ += ஆ என்றால் அ = அ + ஆ என்பதன் சுருக்கம் என்றுதான் வகுப்பில் சொல்லித் தருவார்கள். அது முக்கால்வாசிதான் சரி. இடப்பக்கத்தை ஒரே ஒரு முறைதான் மதிப்பிட வேண்டும் என்கிறது ஜாவா மொழி விவரக்குறிப்பின் 15.26.2 பிரிவு. இந்த வழு மீறியது அதைத்தான்.

படி 2: தாளில் போட்டுப் பாருங்கள்

பெயர் என்ற ஸ்ட்ரிங் அரேயில் "அ", "ஆ", "இ" என மூன்று மதிப்புகள். எண் என்ற வேரியபிளில் 0. இப்போது இந்த வரி:

பெயர்[எண்++] += "!";

(வேரியபிளுக்குத் தமிழில் பெயர் வைக்க ஜாவா அனுமதிக்கிறது. பலருக்கு இது தெரியாது.)

வர வேண்டியது: முதல் இடத்தில் "அ!", எண்ணில் 1.

ஜாவா 9-இல் வந்தது: முதல் இடத்தில் "ஆ!", எண்ணில் 2.

எண்++ இரண்டு முறை ஓடிவிட்டது. எங்கே எழுதுவது என்று பார்க்கும்போது 0. எதைப் படிப்பது என்று பார்க்கும்போது 1. அதனால் இரண்டாம் இடத்து "ஆ"வைப் படித்து முதல் இடத்தில் எழுதிவிட்டது. "அ" போனது போனதுதான்.

படி 3: காரணம்

ஜாவா 8 வரை ஸ்ட்ரிங்குகளை ஒட்ட கம்பைலர் ஸ்ட்ரிங்பில்டரைப் பயன்படுத்தியது. 2017-இல் வந்த ஜாவா 9, வேகத்துக்காக அந்த வேலையை, ஒட்டும் விதத்தை ஓடும் நேரத்தில் முடிவுசெய்யும் இன்வோக்டைனமிக் முறைக்கு மாற்றியது. மாற்றும்போது, இடப்பக்கத்துக்கான பைட்கோடைக் கம்பைலர் இரண்டு தடவை எழுதும்படி ஆகிவிட்டது. முழு எண்களைக் கூட்டும் += இந்த வழியில் போவதில்லை; அதனால் அது தப்பித்தது.

படி 4: தேடுங்கள்

ஸ்ட்ரிங்கோடு வரும் += வரிகளை மட்டும் எடுங்கள். அவற்றிலும் இடப்பக்கத்தில் ++, --, மெத்தட் அழைப்பு போன்றவை இருக்கும் வரிகள்தான் ஆபத்து. சாதாரண வேரியபிள் என்றால் விட்டுவிடலாம். அதை இரண்டு முறை படித்தாலும் ஒன்றும் ஆகாது.

படி 5: சரிசெய்யுங்கள்

2018-இல் வெளியான ஜாவா 11-இல் இது திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் புதிய ஜாவாவை நிறுவினால் மட்டும் போதாது. தப்பு இருப்பது கம்பைலர் எழுதித் தந்த கிளாஸ் ஃபைலில். பழைய ஜார் ஃபைலை ஜாவா 21-இல் ஓட்டினாலும் அதே தப்பு விடைதான் வரும். மூலநிரலை எடுத்து புதிய கம்பைலரில் மறுபடி கம்பைல் செய்யுங்கள்.

மூலநிரல் இருந்தும் கம்பைலரை மாற்ற முடியாத நிலையா? எண்++ஐத் தனி வரிக்குக் கொண்டுபோங்கள்:

பெயர்[எண்] += "!";
எண்++;

வழு இல்லாத கம்பைலரிலும் நான் இப்படித்தான் எழுதச் சொல்வேன். படிப்பவருக்கு இதுதான் சுலபம்.