சிறு காணொளிப் படைப்பாளரும் கம்பெனி விளம்பரமும்

கிராமத்தில் விளையும் பொருளையும் கிராமத்தார் செய்யும் தொழிலையும் கைப்பேசிக் காணொளி மூலம் நாடறியச் செய்யும் இளைஞர்களும் பெண்களும் இன்று பல ஊராட்சிகளில் இருக்கின்றனர். சமையல், ஆடு கோழி வளர்ப்பு, மாடித் தோட்டம், தையல் என்று அவரவர் நன்கறிந்ததை எடுத்துக் காட்டுகின்றனர். பார்ப்போர் தொகை சில ஆயிரத்தை எட்டியதும் அவர்களிடையே எழும் கேள்வி ஒன்று உண்டு. கம்பெனிகளை அணுகி விளம்பர வாய்ப்புப் பெறுவது எப்படி என்பதே அது. ஒரு கம்பெனியின் பொருளைத் தம் காணொளியில் எடுத்துக் காட்டி, அதற்காகப் பணமோ பொருளோ பெறும் இம்முறையை இளைஞர்கள் 'கொலாப்' என்று அழைக்கின்றனர். இதனை முறையாகச் செய்யும் வழியை இங்கே ஆராய்வோம்.

துவாக்குடி தரும் பாடம்

சிறியவர் பெரியவரிடம் வேலை கேட்பது துவாக்குடிக்குப் புதியதன்று. 'பெல்' என வழங்கும் பாரத மிகுமின் நிறுவனத்தின் உயரழுத்தக் கொதிகலன் ஆலை 1965-ஆம் ஆண்டு திருச்சியில் இயங்கத் தொடங்கியது. அதனை அண்டித் துவாக்குடி சிட்கோ தொழிற்பேட்டையிலும் சுற்றுப்புறத்திலும் இரும்புக் கட்டுமானப் பட்டறைகள் நூற்றுக்கணக்கில் தோன்றின. வெட்டவும் வளைக்கவும் பற்றவைக்கவும் அறிந்தவர்கள் சிறு முதலுடன் தொழில் தொடங்கினர்.

இப்பட்டறைக்காரர் ஆர்டர் பெற்ற முறையைக் கவனியுங்கள். தம்மிடம் உள்ள இயந்திரம் எது, எந்த அளவு வரை செய்ய இயலும், எத்தனை நாளில் தரமுடியும் என்பதை எழுத்தில் தெரிவித்தனர். விலைப்புள்ளி கொடுத்தனர். செய்த வேலை பரிசோதனையில் தேறிய பின்பே பணம் கிடைத்தது. காணொளி எடுப்பவரும் ஒரு வகையில் பட்டறைக்காரரே. எனவே அவர் கம்பெனிக்கு எழுதும் கடிதம் சலுகை கேட்கும் மனுவாக இராமல், விலைப்புள்ளியாக இருத்தல் வேண்டும்.

துவாக்குடி தரும் இரண்டாம் பாடம் கசப்பானது. 2010-க்குப் பிந்தைய ஆண்டுகளில் அனல்மின் நிலைய ஆர்டர்கள் குறைந்தபோது, ஒரே வாடிக்கையாளரை நம்பியிருந்த பல பட்டறைகள் வேலையின்றித் தவித்தன. ஒரே கம்பெனியின் தயவில் வாழும் படைப்பாளருக்கும் இதே ஆபத்து உண்டு.

முதலில் யாரை அணுகுவது?

புதுக்கோட்டை மாவட்டத்துச் சின்ன வீரமங்கலத்தில் 2018-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'வில்லேஜ் குக்கிங் சேனல்', 2021-இல் 1 கோடி சந்தாதாரரைப் பெற்றது. தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் சமைத்ததைக் கண்டு உலகமே வியந்தது. ஆனால் எல்லோருக்கும் 1 கோடி கிட்டுவதில்லை. கிட்டும் வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. 3,000 பேர் பார்க்கும் காணொளி பெருங்கம்பெனிக்குச் சிறிதாகத் தோன்றலாம். அந்த 3,000 பேரில் பெரும்பாலோர் திருச்சி, தஞ்சை மாவட்டத்தவராயின், துவாக்குடியில் உள்ள செக்கு எண்ணெய்க் கடைக்கு அது பெருஞ்சந்தை.

ஆகையால் அருகிலிருப்பவரிடமிருந்து தொடங்குவதே முறை. 2023-ஆம் ஆண்டு புவிசார் குறியீடு பெற்ற மணப்பாறை முறுக்கைச் செய்வோர், உறையூர்க் கைத்தறிச் சேலை விற்போர், விதைக்கடை, நாற்றுப்பண்ணை, 'மதி' என்னும் பெயரில் விற்பனையாகும் மகளிர் சுயஉதவிக் குழுப் பொருள்கள் என இவ்வட்டாரத்தில் வாய்ப்புகள் பல உள்ளன. நாம் ஏற்கெனவே வாங்கிப் பயன்படுத்தும் பொருளாயின் இன்னும் சிறப்பு. அதனைப் பற்றிப் பேச நமக்கு உரிமையும் இருக்கும், விஷயமும் இருக்கும்.

கடிதத்தில் எழுத வேண்டியவை

கடைசியாக வெளியிட்ட 10 காணொளிகளின் பார்வைத் தொகையைக் கூட்டிச் சராசரி காணுங்கள். மிக நன்றாக ஓடிய ஒன்றை மட்டும் காட்டுவது நேர்மையாகாது. பார்ப்போர் எந்த ஊரினர், எவ்வயதினர், சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கின்றனர் என்ற விவரங்களை யூடியூப் ஸ்டுடியோவில் காணலாம். இன்ஸ்டாகிராமில் தொழில்முறைக் கணக்கு வைத்திருப்போருக்கு அதன் புள்ளிவிவரப் பக்கத்தில் கிடைக்கும். இவற்றைக் கொண்டு கீழ்க்கண்டவாறு சுருக்கமாக எழுதலாம்:

"ஐயா, வணக்கம். நான் துவாக்குடியில் வசிக்கிறேன். சிற்றுண்டி செய்முறைகளை வாரம் 2 காணொளிகளாக வெளியிட்டு வருகிறேன். கடைசி 10 காணொளிகளைச் சராசரியாக 3,000 பேர் பார்த்துள்ளனர். அவர்களில் பாதிப்பேர் திருச்சி, தஞ்சை மாவட்டத்தினர். தங்கள் நல்லெண்ணெயை என் வீட்டில் பயன்படுத்துகிறேன். எள்ளுருண்டை செய்முறை ஒன்றில் அதனைக் காட்டவும், தங்கள் செக்கு இயங்குவதை 1 நிமிடம் படம்பிடித்துச் சேர்க்கவும் விரும்புகிறேன். இது விளம்பரம் என்பதைக் காணொளியில் தெரிவிப்பேன். கட்டண விவரமும் முந்தைய 2 காணொளிகளின் இணைப்பும் இத்துடன் உள்ளன."

10 நாளில் பதில் வராவிடின் ஒருமுறை நினைவூட்டலாம். அதன்பின் அடுத்த கம்பெனிக்கு எழுதுவதே நன்று. உள்ளூர்க் கடையாயின் நேரில் சென்று பேசுவது கடிதத்தினும் பயன் தரும்.

கட்டணமும் உடன்படிக்கையும்

கட்டணத்தைக் கணக்கிட்டே சொல்ல வேண்டும். ஒரு காணொளிக்கு 2 நாள் உழைப்பு, நாளொன்றுக்கு 800 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்; அது 1,600 ரூபாய். பயணமும் பொருள்களும் 400 ரூபாய்; படத்தொகுப்பு 1,000 ரூபாய். ஆக அடக்கம் 3,000 ரூபாய். இதற்குக் குறைவாக ஒப்புக்கொள்வது கைப்பணத்தைச் செலவிட்டுப் பிறருக்கு விளம்பரம் செய்வதாகும். 200 ரூபாய்ப் பொருளை அனுப்பிவிட்டு 2 நாள் உழைப்பைக் கேட்போரிடம் இக்கணக்கைப் பணிவுடன் காட்டலாம்.

ஒப்புக்கொண்டதை மின்னஞ்சலிலேனும் எழுத்தில் பெறுதல் இன்றியமையாதது. எத்தனை காணொளி, எந்தத் தேதியில், எத்தனை முறை திருத்தம், முன்பணம் எவ்வளவு, மீதி எப்போது என்பன அதில் இருக்க வேண்டும். காணொளியைக் கம்பெனி தன் சொந்த விளம்பரத்தில் எத்தனை மாதம் பயன்படுத்தலாம், போட்டிக் கம்பெனியின் பொருளை நாம் எவ்வளவு காலம் காட்டக்கூடாது என்பனவற்றையும் வரையறுக்க வேண்டும். காலவரம்பு கூறாமல் கையெழுத்திட்டால் பின்னர் வருந்த நேரும்.

மத்திய அரசின் உத்யம் தளத்தில் குறுந்தொழிலாகக் கட்டணமின்றிப் பதிவு செய்துகொள்ளலாம். அவ்வாறு பதிவு செய்தோருக்கு, 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உடன்படிக்கை எதுவாயினும் 45 நாளுக்குள் பணம் தரப்பட வேண்டும். தராதோர் மீது வசதியாக்கக் குழுவிடம் முறையிடலாம். திருச்சியிலேயே அதற்கு மண்டலக் குழு அமைக்கப்பட்டுள்ளது. மேலும், ஒரு கம்பெனி ஓராண்டில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள்களை அன்பளிப்பாகத் தந்தால், அதற்கு 10 சதவீத வரி பிடித்தம் உண்டு. இவ்விதி 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. படம்பிடித்த பின் திருப்பித் தந்துவிடும் பொருள் இக்கணக்கில் சேராது.

விளம்பரம் என்று சொல்லுதல்

பணம் மட்டுமன்றி, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணச் செலவு ஆகிய எதனைப் பெற்றிருந்தாலும் பார்ப்போருக்குத் தெரிவித்தாக வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் இதனைத் தெளிவாகக் கூறுகின்றன. காணொளி எந்த மொழியிலோ அந்த மொழியிலேயே அறிவிப்பு இருக்க வேண்டும். வாயாலும் சொல்ல வேண்டும். எழுத்திலும் காட்ட வேண்டும். கீழே குவிந்து கிடக்கும் குறிச்சொற்களுக்கிடையே மறைத்து வைப்பது போதாது.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மக்களைத் தவறாக வழிநடத்தும் விளம்பரத்தில் பொருளைப் பரிந்துரைப்பவருக்கு முதன்முறை 10 லட்ச ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்ச ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்கலாம். பொருளைப் பற்றிய கூற்று உண்மைதானா என்று உரிய கவனத்துடன் ஆராய்ந்திருந்தவரைச் சட்டம் தண்டிப்பதில்லை. ஆகவே உணவுப் பொருளாயின் உறையில் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் உள்ளதா என்று பாருங்கள். நோய் தீரும், நிறம் கூடும் என்று கம்பெனி எழுதித் தரும் வாசகத்திற்குச் சான்று கேளுங்கள். சான்று இல்லையேல் அவ்வாசகத்தை விட்டுவிடுங்கள்.

அபராதத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. நகரத்து நடிகை விளம்பரம் செய்த களிம்பு முகத்தில் தடிப்பை உண்டாக்கினால், வாங்கியவள் கம்பெனியை வைவாள். நம் ஊர்ப் பெண் பரிந்துரைத்த களிம்பாயின், மறுநாள் குழாயடியில் அந்தத் தடித்த முகத்தை அவள் நேருக்கு நேர் பார்க்க வேண்டியிருக்கும். சிறு படைப்பாளரின் மூலதனம் அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கையே. கம்பெனி அவரைத் தேடி வருவதும் அதற்காகவே. அதனை ஒரு பெட்டிச் சாமானுக்கு விற்றுவிட்டால், அடுத்த கம்பெனிக்கு விற்க அவரிடம் எதுவும் மிஞ்சாது.

எச்சரிக்கை

புதியவர்களை நாடி வரும் அழைப்புகள் யாவும் நல்லவையல்ல. முன்னதாகப் பணம் கட்டச் சொல்வோர் வாய்ப்புத் தருவோர் அல்லர். உடன்படிக்கை என்ற பெயரில் வரும் கோப்பைத் திறந்தவுடன் சேனலையே களவாடும் மோசடியும் நடக்கிறது; அனுப்பியவரின் முகவரி கம்பெனியின் சொந்த முகவரிதானா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் தாராளமாகப் பணம் தர முன்வரும். அவற்றை விளம்பரம் செய்வதையும் குற்றமாக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியுள்ளது. பல குடும்பங்களைக் கடனாளியாக்கிய அப்பணம் நம் வீட்டிற்கு வேண்டாம்.

செய்ய வேண்டிய முதல் வேலை எளியது. ஒரு நோட்டுப் புத்தகத்தில் 10 காணொளிகளின் சராசரியையும் ஒரு காணொளியின் அடக்கத்தையும் எழுதுங்கள். அடுத்த பக்கத்தில், உங்கள் வீட்டில் அன்றாடம் பயன்படும் உள்ளூர்ப் பொருள்கள் 5-இன் பெயரை எழுதுங்கள். அந்த 5 பேருக்கும் இவ்வாரமே கடிதம் போகட்டும். ஒருவர் இசைந்தாலும் அது நல்ல தொடக்கமே. அவருடைய வேலையைச் சொன்ன நாளில், சொன்ன தரத்தில் முடித்துக் கொடுத்தால், அடுத்த கம்பெனிக்குக் காட்டத்தக்க சான்று உங்கள் கையில் இருக்கும்.