பயிற்சியாளர்கள் மோதிக்கொண்டால்?

என் மகளுக்கு 11 வயது, சாஃப்ட்பால் ஆடுகிறாள். போன வாரம் ‘அவுட்டா, சேஃபா’ என்று இரு அணிப் பயிற்சியாளர்களும் மைதானத்திலேயே கத்திச் சண்டை போட்டார்கள். இனிப் போகமாட்டேன் என்கிறாள். என்ன செய்வது?
– ஒரு வாசகி, டாலஸ்

தைரியமாக அனுப்புங்கள், அம்மா. அவள் பயந்தது கத்தலுக்கு, ஆட்டத்துக்கு அல்ல.

அவுட்டா, சேஃபா என்பது நடுவர் கண்ணால் பார்த்துச் சொல்வது. அதை எதிர்த்து முறையிட விதியில் இடமில்லை. விதியையே அவர் தவறாகப் பயன்படுத்தினால்தான் முறையிடலாம், அதுவும் அடுத்த பந்து வீசப்படுவதற்குள். ஆக, அன்று தொண்டை கிழியக் கத்தியதில் ஒரு ரன்கூட மாறியிருக்காது.

உங்கள் பயிற்சியாளரிடம் பேசுங்கள். ஆட்டம் முடிந்த சூட்டோடு வேண்டாம். மறுநாள், பிள்ளைகள் இல்லாத நேரத்தில். “என் மகள் பயந்துவிட்டாள்” என்பது போதும். யார் பக்கம் நியாயம் என்ற பேச்சை எடுக்காதீர்கள். மறுபடியும் நடந்தால் லீக் நிர்வாகிக்கு எழுதுங்கள்.

மகளுக்கு ஸாரா டக்கோல்ஸ்கியைப் பற்றிச் சொல்லுங்கள். 2008இல் வெஸ்டர்ன் ஆரிகன் பல்கலைக்கழகத்துக்காக ஹோம் ரன் அடித்தவர், முதல் தளத்தருகே முழங்கால் பிசகி விழுந்தார். சொந்த அணியினர் தூக்கினால் அவுட் என்றார்கள். எதிரணியின் மல்லரி ஹோல்ட்மனும் லிஸ் வாலஸும் அவரைத் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு தளத்திலும் அவரது இடது காலைத் தொடவைத்தபடி சுற்றிவந்தார்கள். தூக்கிய அணிதான் அன்று தோற்றது. அந்தக் காணொளி இணையத்தில் கிடைக்கிறது; இருவரும் சேர்ந்தே பாருங்கள்.